ஒரு தேதிக்கு இந்தப் பக்கம்

அகதி முகாம்களில் நான் பார்ப்பது காகித வேலை. நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞரிடம் போவதற்கு முந்தைய படி. இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தின் வீட்டுக்குப் போய், தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் தாள்களைப் பாயில் பரப்புவேன். எது யாருடையது, எந்த ஆண்டுடையது, எந்த எழுத்து ஈரத்தில் அழிந்திருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு மனு எழுதுவேன். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, துணைத் தூதரகப் பதிவு, பெயர்த் திருத்தம், ஊருக்குத் திரும்ப விரும்புபவர்களுக்கு எக்ஸிட் பெர்மிட், இங்கேயே இருக்க விரும்புபவர்களுக்குக் குடியுரிமை விண்ணப்பம். திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து முகாம்களில்தான் பெரும்பாலும் என் நடமாட்டம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

போனதும் முதலில் கேட்பது தேதிகளை. பிறந்த தேதி, படகேறிய தேதி, மண்டபம் முகாமில் பதிந்த தேதி. இந்த மூன்றும் தெரிந்தால் அந்த வீட்டில் யார் யார் எந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் மூன்று விதமான பதில் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு அது ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி.

நான் பார்த்த ஒரு குடும்பம். தாயும் தகப்பனும் 1984-இல் மன்னாரிலிருந்து வந்தவர்கள். மூத்தவன் 1986-இல் இங்கே அரசு மருத்துவமனையில் பிறந்தான். இரண்டாமவள் 1989-இல். கடைசிப் பையன் ரொம்பப் பிந்தி, 2006-இல். மூவரும் ஒரே பள்ளியில் படித்தார்கள், ஒரே ரேஷன் அரிசியைச் சாப்பிட்டார்கள். சட்டப்படி மூத்தவன் பிறப்பிலேயே இந்தியக் குடிமகன். மற்ற இருவரும் இல்லை. இதை அவர்களிடம் சொன்னபோது அந்தத் தாய் இரண்டாமவளைப் பார்த்து, "இவள் மட்டும் என்ன பாவம் செய்தவள்?" என்று கேட்டார். அவள் செய்தது மூன்றாண்டு பிந்திப் பிறந்தது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-இல் வந்தபோது பிறப்பு விஷயத்தில் தாராளமாக இருந்தது. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்த குழந்தை, அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இந்தியக் குடிமகன்தான். பெற்றோர் எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை. அசாம் போராட்டமும் எல்லை தாண்டி வருகிறவர்களைப் பற்றிய அச்சமும் சூடாக இருந்த காலத்தில், 1986-இல், நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. 1987 ஜூலை 1 முதல் பிறக்கும் குழந்தையின் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003 திருத்தம் இன்னும் இறுக்கியது. 2004 டிசம்பர் 3 முதல் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர்தான் இந்தியர் என்றால் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. உரிய கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர் எல்லோரும் சட்டவிரோதக் குடியேறிகள். அவர்கள் பதிவு வழியாகவோ, நெடுங்காலம் வாழ்ந்ததைக் காட்டியோ குடியுரிமை கேட்கும் கதவும் அதே திருத்தத்தில் சாத்தப்பட்டது.

இந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. போர் ஓயும்வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அலை அலையாக வந்தார்கள். அவர்கள் வந்தபோது இங்கிருந்த சட்டம் ஒன்று. இருபது ஆண்டு வாழ்ந்த பிறகு வந்து சேர்ந்த சட்டம் இன்னொன்று. புதுச் சட்டம் இனி வருகிறவர்களோடு நிற்கவில்லை. ஏற்கெனவே வந்து, பதிந்து, பிள்ளை பெற்று, பேரன் கண்டவர்களையும் பின்னால் போய்ப் பிடித்தது. முகாமில் ஒரு மூதாட்டி என்னிடம் கோபமாகவே சொன்னார்: "நாங்க களவா வரேல்லத் தம்பி. மண்டபத்தில பேர் எழுதிப்போட்டுத்தானே உள்ளுக்கு விட்டவை." அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகில்லை. கரையில் இறங்கியவர்களைக் காவல் துறை விசாரித்தது, அதன் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விவரம் எடுத்தது, வருவாய்த் துறை குடும்பத்துக்கு அட்டை கொடுத்தது, அரசு பஸ்ஸில் ஏற்றி முகாமுக்கு அனுப்பியது. ஒரு நாட்டின் அரசாங்கமே கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தவர்களை அதே நாட்டின் சட்டம் ஒளிந்து நுழைந்தவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாமல் இருப்பது இது ஒன்றைத்தான்.

மலையகக் குடும்பங்களின் பெட்டியைத் திறக்கும்போது இந்த அநியாயம் இன்னும் துலக்கமாகத் தெரியும். அவர்களிடம் நிறையத் தாள் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தாவின் சம்பளச் சீட்டு, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, சில வீடுகளில் பழைய இந்தியக் கடவுச்சீட்டுக்கான விண்ணப்ப ரசீதுகூட. இவர்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கண்டிச் சீமைக்குப் போனவர்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவு. 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியும் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபத்தில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் வெள்ளைக்காரன் கூலிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபம் முகாம்தான் அது. வந்தவர்களில் பலருக்குக் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அவர்கள் தாயகம் திரும்பியோர், அன்றிலிருந்தே இந்தியர்கள். ஆனால் எல்லோரும் வந்து முடிவதற்குள் 1977 கலவரம், 1983 கலவரம். தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு திருத்திப் பிழைத்தார்கள். அங்கேயும் போர் வந்தது. கப்பல் நின்றுவிட்டது. மிச்சமிருந்தவர்கள் படகில் வந்தார்கள். படகில் வந்ததால் அவர்கள் அகதிகள்.

கொட்டப்பட்டு முகாமில் ஒரு பெரியவர், தன் தகப்பனார் பெயரும் தன் சித்தப்பா பெயரும் இருக்கும் இரண்டு தாள்களை எனக்கு முன்னால் வைத்தார். "எங்கப்பா கையெழுத்துப் போட்டது இந்தியாவுக்குத்தாங்க ஐயா. சித்தப்பாவும் அதே நாள்லதான் போட்டாரு. அவரு கப்பல் ஏறிட்டாரு. எங்க முறை வர்றதுக்குள்ள கலவரம் வந்துடுச்சு." சித்தப்பா பிள்ளைகள் இன்று நீலகிரியில் வாக்காளர்கள், ஒருவர் அரசு வேலையில் இருக்கிறார். இவர் பிள்ளைகளை மாதந்தோறும் செக்கிங்கில் தலை எண்ணுகிறார்கள். முகாம்களில் இப்படி மலையக வேர் உள்ளவர்கள் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். இலங்கை 2003-இல் ஒரு சட்டம் இயற்றி, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது. அங்கே வாழ்ந்துவந்த என்ற நிபந்தனையால், போருக்குப் பயந்து இங்கே ஓடிவந்திருந்தவர்கள் விட்டுப்போனார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தம் 2009-இல் வந்தது. வரும்போது பிள்ளைகள் இங்கே பிளஸ் டூ முடித்திருந்தார்கள்.

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். வழக்குத் தொடுத்தவர்கள் இப்படிப்பட்ட 65 பேர். இவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக மட்டும் பார்க்க முடியாது. புதிதாக விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அன்று முகாம்களில் இனிப்பு கொடுத்தார்கள். மறுவாரமே நான் விண்ணப்பங்களை எழுதத் தொடங்கினேன். ஒரு மாவட்டத்தில் வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு மாவட்டத்தில் மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று சொல்லித் தாளைத் தொடவே இல்லை. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் நீதிமன்றத்துக்கு மறுபடியும் போக முடியாது. எனவே எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வந்த அந்த அட்டைகளை வீட்டுக்காரர்கள் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. விண்ணப்பதாரரின் அயல்நாட்டுக் கடவுச்சீட்டு நகல் வேண்டும். முகாமில் பிறந்தவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வேண்டுமென்றால் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். அதற்குத் தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்று வேண்டும். அது முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ எரிந்துபோன கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்தது. இந்தியன் ஆக வேண்டுமானால் முதலில் தான் இலங்கையன் என்று நிரூபிக்க வேண்டும். தான் ஒருநாளும் கண்ணால் பார்க்காத நாட்டுக்கு. முகாமில் பிறந்து கல்லூரி முடித்த ஒரு தம்பி படிவத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, நான் ராமேஸ்வரம்கூடப் போனதில்ல. இந்தியாவுக்குள்ள எந்த வழியா வந்தீங்கன்னு கேட்டிருக்கு. என்ன எழுத?" மருத்துவமனையின் பெயரை எழுதச் சொன்னேன். அதுதான் உண்மை.

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. எல்லாம் அரசாணையும் சுற்றறிக்கையும்தான். கொடுப்பதும் அதில்தான், எடுப்பதும் அதில்தான். 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் முகாம்களின் கதவு இறுகியது, தொண்டு நிறுவனங்கள் உள்ளே போக முடியவில்லை, பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை தடைப்பட்டது. 1992-லிருந்து 1995 வரை 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. போனவர்களில் பலர் சண்டை மறுபடியும் தொடங்கியதும் திரும்பப் படகேறினார்கள். அவர்களுக்கு இரண்டு பதிவுத் தேதிகள். எந்தத் தேதியைக் கணக்கில் எடுப்பது என்று இன்றும் அதிகாரிகளோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன். நல்லதும் ஆணையில்தான் வந்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, இடிந்துகிடந்த 7,469 வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000-லிருந்து 1,500 ரூபாயானது. தார்ப்பாய்க் கூரையில் மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு எத்தனை பெரிது என்பது எனக்குத் தெரியும். வீடு கொடுக்க மாநிலத்தால் முடிந்தது. குடியுரிமை தில்லியில் இருக்கிறது.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது முகாமில் நிறையப் பேர் என்னைத் தேடிவந்தார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளின் பெயர்தான் அதில் இருந்தது. ஆறு சமயத்தவர், 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்கள். "நாங்களும் இந்துதானே சார்?" என்று கேட்டார்கள், "நாங்க வேதக்காரர், எங்களையும் சேர்ப்பாங்களா?" என்று கேட்டார்கள். எந்தச் சமயமாக இருந்தாலும் இலங்கை அதில் இல்லை. சமயத்தைப் பார்த்துக் கதவைத் திறப்பதே தவறு என்பது என் கருத்து. ஆனாலும் 2024 மார்ச் 11 அன்று அதற்கான விதிகள் வந்தபோது அதன் அட்டவணைகளை நான் ஆசையோடு படித்தேன். கடவுச்சீட்டு இல்லையா, பரவாயில்லை. பள்ளிச் சான்று, நிலப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை ஏதாவது ஒன்று போதும், காலாவதியானாலும் ஏற்கப்படும். இங்கே வாழ்ந்ததைக் காட்ட ரேஷன் அட்டையோ ஆதாரோ போதும். தாள் இல்லாமல் ஓடிவந்தவனிடம் என்ன தாள் இருக்கும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு அப்படி யோசிக்கத் தெரியும். அந்த அட்டவணையை அப்படியே மண்டபம் பதிவேட்டுக்கும் பொருத்தினால் என் வேலையில் பாதி தீர்ந்துவிடும்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு இது ஒன்று. உரிய கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு முகாம்களில் ஒருவாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. சட்டத்தோடேயே விலக்கு ஆணையும் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது: 2015 ஜனவரி 9-க்குள் இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது. கொழும்பில் மைத்திரிபால சிறிசேன பதவியேற்ற நாள் அது. அந்த நாளோடு அங்கே அபாயம் தீர்ந்துவிட்டது என்று இங்கே கணக்குப் போலும். விலக்கு கிடைத்தவர்களுக்குச் சிறை பயம் போனது. அது சிறிய காரியம் இல்லை. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதற்கும் நீ எங்கள் ஆள் என்பதற்கும் நடுவில்தான் 58 ஆயிரம் பேர் முகாமிலும், 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியிலும் வாழ்கிறார்கள்.

அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில், இலங்கையில் பால்மாவும் கேஸும் கிடைக்காமல் போனபோது, மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து இறங்கினார்கள். முதலில் வந்தவர்களைக் கைது செய்தார்கள். பிறகு மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அப்படி வந்தவர்கள் இருநூறுக்கும் மேல். சிலர் 1990-இல் இதே முகாமில் இருந்து, போர் முடிந்தபின் சொந்த ஊர் என்று நம்பித் திரும்பிப் போனவர்கள். ஊருக்குப் போகச் சொன்னார்கள், போனார்கள். அதனாலேயே இன்று அவர்கள் தேதி கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. போகாமல் இருந்தவர்களுக்கு விலக்கு இருக்கிறது.

திரும்பிப் போகிறவர்களுக்கான மனுக்களை இப்போது கூடுதல் கவனத்தோடு எழுதுகிறேன். 2025 மே மாதம் இங்கிருந்து முறையாகப் புறப்பட்டுப் இலங்கையின் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவரை, போர்க்காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்று அங்கே கைது செய்தார்கள். அங்கே தமிழ்ப் பிரதிநிதிகள் கொதித்தெழுந்தார்கள். ஒரே படகுப் பயணம். ஏறியது அந்த நாட்டில் குற்றம், இறங்கியது இந்த நாட்டில் குற்றம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து, போகலாம் என்று மனசைத் தேற்றிவைத்திருந்த வயதானவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் யாரும் ஒரு லாக்கப்பில் இருந்து ஊர் வாழ்க்கையைத் தொடங்க விரும்பமாட்டார்கள்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்காக இப்போது ஒரு வேலையில் முழுதாக இறங்கியிருக்கிறேன். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022-இல் மதுரைக் கிளை, அவர் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்ததால் பிறப்பிலேயே இந்தியர் என்று சொல்லிக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் திருச்சியில் வாக்களித்தார். இது சலுகை இல்லை. 1955-இலிருந்து சட்டத்தில் இருந்த உரிமை. முப்பத்தைந்து வயதைத் தாண்டித்தான் கைக்கு வந்தது. இவரைப் போல 1983-க்கும் 1987 ஜூன் 30-க்கும் இடையில் இங்கே பிறந்தவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்கள் இந்தியர் என்று ஆனால் 2004 டிசம்பருக்கு முன் பிறந்த அவர்கள் பிள்ளைகளும் இந்தியர்கள்.

பிரச்சினை சான்றில்தான். அந்த நாட்களில் பல பிரசவங்கள் முகாம் குடிசையிலேயே நடந்தன, யாரும் பதியவில்லை. ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதியக் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். அதற்கு முன் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். பள்ளிச் சான்றைக் காட்டினால் அதிகாரிகள் சந்தேகப்படுகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது நிரம்ப வேண்டும் என்று தலைமையாசிரியர்கள் மே, ஜூன் மாதத் தேதிகளைத் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் அது. மற்றவர்களுக்கு அதனால் ஓய்வுபெறும் தேதி கொஞ்சம் முன்பின் ஆகும். எங்கள் ஆட்களுக்கு நாடே மாறிவிடும்.

இப்போது கையில் இருக்கும் ஒருவனுடைய கோப்பில் பள்ளிச் சான்று 1987 ஜூன் 5 என்கிறது. முகாம் அட்டையில் அவன் பெயர் சேர்க்கப்பட்டது அந்த ஆண்டு ஆகஸ்டில். தாய் இறந்துவிட்டார். தகப்பனுக்கு நாள் நினைவில்லை. முகாமுக்குப் பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடை நடந்துகொண்டிருந்தபோது வலி கண்டது என்று மட்டும் சொல்கிறார். அந்த ஊர்க் கோயில் நிர்வாகியிடம் பழைய வரிக் கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. 1987-இல் கொடை எந்த வாரம் என்று அதில் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த ஆண்டுத் தடுப்பூசிப் பதிவேடு கேட்டு மனு போட்டிருக்கிறோம். பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கேட்பதெல்லாம் நன்றாகவே நினைவிருக்கிறது. நோட்டரி முன்னிலையில் அவருடைய வாக்குமூலத்தை அடுத்த வாரமே எழுதி வாங்கிவிட வேண்டும்.